ஹேவீஸ் வெந்நீர் ஏரிக்குப் பெற்றோரைக் கூட்டிப்போக: விசா முதல் ஏரிப் படிக்கட்டு வரை

ஹங்கேரியின் மேற்கே, பாலட்டோன் ஏரிக்குப் பக்கத்தில் ஹேவீஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஏரியே வெந்நீர். ஏறத்தாழ 4.4 ஹெக்டேர் பரப்பு. சுமார் 38 மீட்டர் ஆழத்தில் உள்ள குகையிலிருந்து ஊற்று பொங்கிக்கொண்டே இருப்பதால், மூன்று நாளைக்குள் ஏரித் தண்ணீர் முழுக்கப் புதிதாகிவிடும். குளியலிடத்தை நடத்துவது அங்குள்ள வாதநோய் மருத்துவமனை. மூட்டுவலி, முதுகுவலி என்று வருகிறவர்களும், சும்மா மிதந்து ஓய்வெடுக்க வருகிறவர்களும் ஒரே தண்ணீரில்தான் இருப்பார்கள்.

அம்மாவின் முழங்கால் வலியை முன்னிட்டுத்தான் நான் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தேன். தகவல் பாதி ஜெர்மன் மொழியில், பாதி ஹங்கேரியனில், துண்டு துண்டாகக் கிடைத்தது. நம் ஊரிலிருந்து வயதானவர்களைக் கூட்டிப்போகிறவருக்கு என்ன தேவை என்று யாரும் எழுதவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் ஒன்று. புடாபெஸ்டைச் சுற்றிவிட்டு, "ஒரு நாள் ஹேவீஸும் போய் வரலாம்" என்று திட்டம் போடாதீர்கள். போக வர ஆறு மணி நேரம் பேருந்திலேயே கழியும், முழங்கால் இன்னும் வீங்கும். ஏரியில் இருக்கப்போகும் நாட்களை முதலில் முடிவு செய்யுங்கள். விமானம், விசா, மற்ற ஊர்கள் எல்லாம் அதற்கேற்ப அமையட்டும்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

"ஆண்டு முழுவதும் திறந்திருக்கும்" என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது உண்மைதான். ஆனால் கோடையில் தண்ணீர் 36 டிகிரி வரை போகும், குளிர்காலத்தில் 22, 24 டிகிரிக்கு இறங்கிவிடும். பனிக்கட்டியில் நடந்து பழகியவர்களுக்கு 24 டிகிரி வெந்நீராக இருக்கலாம். சென்னையில் வாளியில் பிடித்துவைத்த தண்ணீரே அதைவிடச் சூடு. "வெந்நீர் ஏரி என்றாயே" என்று அப்பா கேட்பார்.

நான் சொல்வது ஜூன் முதல் பாதி, இல்லையென்றால் செப்டம்பர். தண்ணீரும் சூடாக இருக்கும், வெளியே காற்றும் நடுக்காது, அறை வாடகையும் ஆகஸ்டை விடக் குறைவு. ஜூலையும் ஆகஸ்டும் ஐரோப்பியர்களின் விடுமுறைக் காலம். ஆகஸ்ட் 20 ஹங்கேரியின் தேசிய விழா நாள், அந்த வாரத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். செப்டம்பரில் போனால் ஏரி முழுக்கச் செவ்வல்லி பூத்திருப்பதையும் பார்க்கலாம். அந்த அல்லி நம் நாட்டு இனம், அங்கே கொண்டுபோய் நட்டது.

ஹேவீஸில் குறைந்தது நான்கு இரவு வையுங்கள். வந்து சேர்ந்த நாள் களைப்பிலேயே போய்விடும். ஏரியில் ஒரு நாளைக்கு இருக்கவேண்டிய நேரமும் கொஞ்சம்தான். அதனால் பலன் தெரிய நாட்கள் வேண்டும்.

2. டிக்கெட் போடுமுன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்

தண்ணீரில் கந்தகமும் வேறு தாதுக்களும் உண்டு, மிக லேசான கதிரியக்கமும் உண்டு. சூடும் சேர்ந்து இரத்த ஓட்டத்தை மாற்றும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலோ ஆறாத புண்ணோ உள்ளவர்கள் மருத்துவர் சம்மதிக்காமல் இறங்கவே கூடாது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தில் சின்ன வெடிப்பு இருந்தாலும் காட்டிக் கேளுங்கள்.

கேட்கும்போதே ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள்: என்ன நோய், என்ன மாத்திரை, அறுவை சிகிச்சை நடந்திருந்தால் எப்போது. மாத்திரைகளை மருந்தின் மூலப் பெயரில் (generic name) எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. இந்தக் கடிதம் விமான நிலையத்திலும் உதவும், ஹேவீஸில் மருத்துவரைப் பார்க்கும்போதும் உதவும்.

சேற்றுப் பற்று, கழுத்தையோ இடுப்பையோ நீருக்குள் எடை கட்டி இழுத்துவிடும் சிகிச்சை போன்றவற்றை நினைத்தவுடன் செய்துகொள்ள முடியாது. அங்குள்ள மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். முழுச் சிகிச்சை என்றால் இரண்டு, மூன்று வாரம் என்பார்கள். நான்கு நாளைக்குப் போகிறவர்களுக்கு ஏரிக் குளியலும் சாதாரண மசாஜும் போதும்.

3. தங்கும் இடம்

ஊர் சின்னது. இருந்தாலும் மேடு உண்டு. வரைபடத்தில் "800 மீட்டர்" என்று காட்டுவது முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றமாக இருந்தால் தினமும் டாக்ஸிதான். ஏரி வாசலிலிருந்து எவ்வளவு தூரம், ஏற்றமா சமதளமா என்று ஓட்டலுக்கே எழுதிக் கேளுங்கள். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

லிஃப்ட் உண்டா? குளியலறையில் ஷவர் மட்டுமா, தொட்டியா? தொட்டி என்றால் விளிம்பைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும், வயதானவர்கள் அங்கேதான் வழுக்குவார்கள். ஏரி டிக்கெட் வாடகையில் சேர்ந்ததா? பெரும்பாலும் சேராது. "தெர்மல்" என்று பெயரில் இருந்தால் ஓட்டலுக்குள்ளேயே வெந்நீர்க் குளம் இருக்கிறது என்றுதான் பொருள், ஏரிக்கு நுழைவு கிடைக்கும் என்று பொருளில்லை. மழை நாளில் அந்த உள்குளம் கைகொடுக்கும், அதனால் இருப்பது நல்லதே.

காலை உணவும் இரவு உணவும் சேர்ந்த அறையாக எடுத்தால் செலவு மிச்சம். குளித்துக் களைத்த பிறகு ஓட்டல் தேடி நடக்கவும் வேண்டாம்.

வாடகைக்கு மேல் ஊராட்சி வசூலிக்கும் தங்கல் வரி ஒன்று உண்டு, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று. முன்பதிவுத் தளத்தில் காட்டும் தொகையில் பல சமயம் இது இருக்காது, அங்கே போய்க் கட்ட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை.

4. விசா: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள்

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் என்றால் 180 நாளில் 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடுங்கள்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பிப்பது? அதிக இரவு தங்கும் நாட்டுக்கு. ஹேவீஸ் வியன்னாவிலிருந்தும் போகக்கூடிய தூரம்தான் என்பதால் பலர் ஆஸ்திரியாவையும் சேர்ப்பார்கள். சேர்க்கலாம். ஆனால் ஹங்கேரியில் ஐந்து இரவும் ஆஸ்திரியாவில் இரண்டு இரவும் என்றால் ஹங்கேரிக்குத்தான் மனு. "அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, வேறு நாட்டுக்குப் போட்டுவிடலாம்" என்று ஓர் ஏஜென்ட் என்னிடம் சொன்னார். கேட்காதீர்கள். பயணத் திட்டம் ஒன்று, மனு போட்ட நாடு வேறு என்றால் மறுப்புக்கு அதுவே போதும்.

எப்போது? பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை. இந்தக் கணக்கில் அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்கும் நாள் சேராது. கோடைப் பயணத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். எனவே மூன்று, நான்கு மாதம் முன்பே தேதி பிடியுங்கள்.

எவ்வளவு? பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மறுத்துவிட்டால் பணம் திரும்பாது. மையத்தில் காத்திருப்பு அறை, குறுஞ்செய்தி, புகைப்படம் என்று கூடுதல் சேவைகளை விற்பார்கள். எதுவும் கட்டாயமில்லை, "வேண்டாம்" என்று சொன்னால் போதும்.

காகிதங்கள்:

பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கியதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படம். கையெழுத்திட்ட விண்ணப்பம். எதற்குப் போகிறோம் என்று விளக்கும் கடிதம். நாள்வாரிப் பயணத் திட்டம். ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, ஓர் இரவுகூட விடுபடக் கூடாது. போக வர விமான முன்பதிவு. இதற்கு விசா வருமுன் முழுப் பணம் கட்ட வேண்டியதில்லை, ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதும். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டும் விடுப்புக் கடிதமும். காப்பீடு.

செலவை நீங்கள் ஏற்றுப் பெற்றோரைக் கூட்டிப்போவதாக இருந்தால், ஏற்கிறேன் என்று ஒரு கடிதமும், உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழில் அவர்கள் பெயர் இருக்குமே, அது போதும். இங்கேதான் நம்மவர்களுக்கே உரிய சிக்கல் வரும். வங்கிப் புத்தகத்தில் அம்மா பெயர் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரோ அப்பா பெயரோ முழுதாக நீளும், உங்கள் பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும், அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். நமக்கு அது ஒரே ஆள் என்று தெரியும், தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.

வங்கி விஷயத்தில் இன்னொன்று: மனு போடும் வாரத்தில் பெரிய தொகையைக் கணக்கில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். நிரந்தர வைப்பை உடைத்திருந்தால் அந்தச் சீட்டின் நகலை இணையுங்கள், பணம் வந்த வழி தெரியட்டும்.

கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்காகக் கொடுத்திருந்தால் பழையதையே எடுத்துக்கொள்ளலாம். மருதாணி இட்ட விரல், சமையலறையில் தேய்ந்த விரல் என்று பதியாமல் போவதுண்டு. முந்தின வாரத்திலிருந்தே மருதாணி வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

5. காப்பீடு

குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், பயண நாட்கள் முழுவதற்கும். இது விசாவுக்கான நிபந்தனை. உங்களுக்கான நிபந்தனை வேறு: ஏற்கெனவே உள்ள நோயால் அவசரம் வந்தால் எவ்வளவு தருவார்கள் என்று வாசித்துப் பாருங்கள். மலிவான பாலிசிகள் அதை அப்படியே ஒதுக்கிவிடும். விசா மறுத்தால் காப்பீட்டுப் பணம் திரும்புமா என்றும் கேளுங்கள். மசாஜ், சேற்றுப் பற்று போன்றவற்றுக்குப் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

6. பணம்

ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் ஃபோரின்ட். 2025-இன் பிற்பகுதியில் ஒரு யூரோவுக்கு 380 முதல் 400 ஃபோரின்ட் வரை இருந்தது. 10,000 என்று பில்லைப் பார்த்துப் பதற வேண்டாம், அது 25 யூரோ அளவுதான். யூரோவையும் சில கடைகளில் வாங்குவார்கள், ஆனால் அவர்கள் வைத்த விலையில்.

கார்டு தேய்க்கும்போது "ரூபாயிலா, ஃபோரின்ட்டிலா" என்று கருவி கேட்டால் எப்போதும் ஃபோரின்ட். ஏடிஎம்மிலும் அப்படியே. விமான நிலையத்திலும் சுற்றுலாத் தெருக்களிலும் தனியாக நிற்கும் ஏடிஎம்களைத் தவிர்த்து, வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏடிஎம்மில் எடுங்கள். நம் ஊர் ஃபாரெக்ஸ் கார்டுகள் பலவற்றில் ஃபோரின்ட் கிடையாது, யூரோ ஏற்றிப் போனால் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவகப் பில்லில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கீழே பாருங்கள். இருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம்.

7. புடாபெஸ்டிலிருந்து ஹேவீஸுக்கு

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போவது வயதானவர்களுக்கு வசதி, சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது. குடியேற்ற வரிசை நீளும். இறங்கிய இரண்டு மணி நேரத்தில் பேருந்து என்று இறுக்கமாகத் திட்டமிடாதீர்கள். முடிந்தால் முதல் இரவு புடாபெஸ்டிலேயே தங்கிவிடுங்கள்.

ரயிலா, பேருந்தா? ரயில் டேலி நிலையத்திலிருந்து கெஸ்ட்ஹெய் என்ற ஊர் வரைதான் போகும், அங்கே இறங்கி ஹேவீஸுக்கு இன்னொரு பேருந்து. பெட்டியோடும் பெற்றோரோடும் மாறி ஏறுவது சிரமம். நேப்லிகெட் பேருந்து நிலையத்திலிருந்து ஹேவீஸுக்கே நேரடிப் பேருந்து இருக்கிறது, ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஹேவீஸ் பேருந்து நிலையம் ஏரிக்குப் பக்கத்திலேயே. நான் பேருந்தையே சொல்வேன். விமான நிலையத்திலிருந்து 200E பேருந்தில் கோபான்யா-கிஷ்பெஷ்ட், அங்கிருந்து எம்3 மெட்ரோவில் நேப்லிகெட்.

65 வயதானவர்களுக்கு இலவசப் பயணம் என்று படித்துவிட்டு டிக்கெட் இல்லாமல் பெற்றோரை ஏற்றாதீர்கள். அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கானது.

8. பெட்டியில் என்ன

நீச்சலுடை கட்டாயம். சேலை, சுடிதார், நைட்டி, பருத்திச் சட்டை எதுவும் ஏரியில் ஆகாது. கை, கால் மூடிய நைலான் நீச்சலுடை நம் ஊரிலேயே கிடைக்கிறது. அம்மாக்களின் தயக்கம் அதைப் போட்டுக்காட்டியவுடன் பாதி தீர்ந்துவிடும். ஆளுக்கு இரண்டு செட், ஈரம் காய நேரமாகும். துண்டு, வழுக்காத ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில்.

வெள்ளி நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தண்ணீரில் உள்ள கந்தகம் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாவற்றையும் கறுக்க வைத்துவிடும். மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். கழற்றும் அறையில் நின்றுகொண்டு பேசவேண்டிய விஷயம் அல்ல.

9. ஏரியில் முதல் நாள்

டிக்கெட் மணிக்கணக்கிலும் உண்டு, முழு நாளுக்கும் உண்டு. முதல் நாள் மூன்று மணி நேர டிக்கெட் போதும். கவுண்டரில் கையில் கட்டும் பட்டை தருவார்கள், கதவும் பெட்டகமும் அதில்தான் திறக்கும். நேரம் வாசலைத் தாண்டியதும் ஓடத் தொடங்கும், தண்ணீரில் இறங்கியதும் அல்ல. மீறினால் கூடுதல் கட்டணம். உடை மாற்றவும் குளித்துத் துவட்டவும் தாராளமாக நேரம் விடுங்கள். குளியல் நேரம் முடியுமுன்பே கவுண்டர் மூடிவிடும். குளிர்காலத்தில் எல்லாமே சீக்கிரம். அன்றைய நேரத்தையும் கட்டணத்தையும் தண்ணீரின் சூட்டையும் ஏரியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, சாய்வு நாற்காலி கிடைக்கும்.

கூரை வேய்ந்த மரப்பாலம் வழியே ஏரி நடுவில் உள்ள குளியல் மண்டபத்துக்குப் போவீர்கள். அங்கிருந்து படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கும். இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்: இது ஆழமான ஏரி. கடைசிப் படியைத் தாண்டினால் கால் தரையில் பாவாது. நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மிதவை வளையம் வேண்டும். அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வளையத்தை அக்குளுக்குக் கீழே மாட்டிக்கொண்டு படியிலேயே நிற்கச் சொல்லுங்கள், பயம் தெளிந்த பிறகு ஓர் அடி தள்ளலாம். தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நிற்கக் கட்டைகளும் கம்பிகளும் உண்டு. பெரும்பாலானோர் அதைப் பிடித்தபடியே நேரத்தைக் கழிப்பார்கள், நீந்துகிறவர்கள் குறைவு. சின்னக் குழந்தைகளுக்கு ஏற்ற இடம் இல்லை. பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் அவர்களுக்குப் பாலட்டோன் ஏரியின் ஆழமில்லாத கரை இருக்கிறது.

ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். முதல் நாள் 15, 20 நிமிடத்திலேயே ஏறிவிடலாம். "இவ்வளவு காசு கொடுத்து வந்தோமே" என்று ஊறிக்கிடப்பதுதான் பலரும் செய்வது. தலைசுற்றலும் நெஞ்சுப் படபடப்பும் அதனால்தான் வருகிறது. மெதுவாகப் படியேறி, தண்ணீர் குடித்து, உடம்பைத் துவட்டி மூடிக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அந்தப் படுக்கையும் குளியலில் சேர்ந்ததுதான். பிறகு வேண்டுமானால் இன்னொரு முறை. ஒரு நாளில் மொத்தம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, மது அருந்திவிட்டோ இறங்கக் கூடாது. இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள் எழும்போது கூட ஓர் ஆள் நிற்கட்டும்.

சவுனா என்னும் சூட்டறைக்குப் போவதானால் முன்பே கேளுங்கள். சில ஓட்டல்களில் ஆணும் பெண்ணும் உடையின்றி அமரும் நேரம் உண்டு, பலகையில் எழுதியிருப்பார்கள்.

10. சாப்பாடு

சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள், ஆனால் கேட்டுக்கேட்டுச் சாப்பிட வேண்டும். ஃபோஸெலேக் என்று காய்கறியைக் குழைய வேகவைத்துத் தருவது நம் கூட்டு மாதிரி இருக்கும். மேலே இறைச்சி வைத்துவிடுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய பன்றி இறைச்சி பெரும்பாலும் இருக்கும். பொரித்த மாவு ரொட்டியான லாங்கோஷில் பூண்டும் புளித்த கிரீமும் சீஸும் போட்டுத் தருவார்கள், அப்பாவுக்குப் பிடிக்கும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். ஊறுகாயும் பருப்புப் பொடியும் எடுத்துப்போனால் இரண்டாம் நாளிலிருந்து நன்றி சொல்வார்கள்.

11. இடையில் ஒரு நாள், கிளம்பும் நாள்

மூன்றாம் நாள் ஏரிக்கு ஓய்வு கொடுங்கள். கெஸ்ட்ஹெய்யில் ஃபெஷ்டெடிட்ச் அரண்மனை இருக்கிறது, தோப்பில் உட்கார்ந்திருக்கலாம். டபோல்சாவில் பூமிக்கடியில் உள்ள குகை ஏரியில் படகு விடுகிறார்கள், ஆனால் படியிறங்க வேண்டும், முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் கடைசியாக ஒரு முறை என்று ஏரிக்குப் போகவேண்டாம். சூட்டில் தளர்ந்த உடம்போடு மூன்று மணி நேரப் பேருந்து வயதானவர்களுக்கு ஆகாது, ஈரத் துணியும் பெட்டியில் சேரும். முந்தின நாள் மாலைக்குள் குளியலை முடித்து, நீச்சலுடையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயப்போடுங்கள். கந்தக வாடை ஒரு அலசலில் போகாது. விமானம் மறுநாள் பகலில் இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பேருந்து தாமதமானாலும் கவலையில்லை.